கீசர் தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதிக்கிறதா? மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

இந்த வெயிலுக்கு கீசர் எதற்கு என்று கேட்பவர்கள், மார்கழி மழை விடாமல் பெய்கிற நாளில் விடியற்காலை தாங்கித் தண்ணீரில் ஒருமுறை தலை முழுகிப் பார்க்க வேண்டும். வயதானவர்கள் இருக்கிற வீடு, பிள்ளை பிறந்த வீடு என்று பல இடங்களில் இப்போது குளியலறைச் சுவரில் அந்த வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. இடமாற்றத்தில் வந்து வாடகைக்கு இருப்பவர்களுக்கும், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழக வேலைக்கு வந்தவர்களுக்கும் அது வீட்டோடு சேர்ந்தே வருகிறது. எப்படிப் பாவிப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் வீட்டுக் கீசர் கொதிக்கத் தொடங்கியபோது ஆளையும் சாமானையும் தேடி அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இது தண்ணீரைத் தேக்கி வைத்துச் சூடாக்கும் கீசருக்கானது: 15, 30, 50 லீற்றர் தாங்கி, அதற்குள் தண்ணீரில் மூழ்கி நின்று அதைச் சூடாக்கும் எலிமென்ட். கூரையில் சோலார் வெந்நீர்த் தாங்கி வைத்து, மழைக்காலத்துக்கென்று அதில் கரண்ட் எலிமென்டும் பூட்டியிருந்தால் அதற்கும் பெரும்பாலும் பொருந்தும். ஷவருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன உடனடி ஹீற்றர் வேறு வகை, அதற்கு இதைப் பார்க்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீசருக்குள் மூன்று பாதுகாப்பு உண்டு. குறித்த சூடு வந்ததும் கரண்டை நிறுத்தும் தேர்மோஸ்டாட் ஒன்று. அது தவறினால் முழுவதையும் வெட்டிவிடும் கட்அவுட் இரண்டாவது. அதுவும் தவறினால் அழுத்தத்தை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு மூன்றாவது. தண்ணீர் கொதிக்கிறது என்றால் முதல் இரண்டும் ஏற்கெனவே போய்விட்டன என்று அர்த்தம். ஆகவே ஒரு சாமானை மட்டும் மாற்றிவிட்டு "சரி" என்று போகிறவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

1. உண்மையிலேயே கொதிக்கிறதா என்று பாருங்கள்

30 லீற்றர் தாங்கி, 2000 வொட் எலிமென்ட் என்று வையுங்கள். நம் ஊர்த் தண்ணீர் 28 பாகை செல்சியஸ் அளவில் உள்ளே போனால் 60 பாகைக்கு வர ஏறக்குறைய 35 நிமிடம் போதும். யாரும் தண்ணீர் எடுக்காமலே ஒரு மணி நேரத்துக்கு மேலாகச் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். தேர்மோஸ்டாட் ஒட்டிப்போய், கட்அவுட்டும் வெட்டாமல் விட்டால் அதே கீசர் ஒன்றேகால் மணி நேரத்தில் 100 பாகையைத் தொட்டுவிடும். போட்டுவிட்டுக் கடைக்குப் போய் வருகிற நேரம் அவ்வளவுதான்.

மற்ற அறிகுறிகள்: பெட்டிக்குள் கேத்தல் கொதிக்கிற மாதிரி ஒரு இரைச்சல், குழாயைத் திறந்தால் தண்ணீர் விட்டு விட்டுச் சீறி வருவது, கூடவே ஆவி, உள்ளே போகும் பச்சைத்தண்ணிக் குழாயும் தொட முடியாமல் சுடுவது. மேல் தாங்கியிலிருந்து நேராக இறங்கும் குழாயில் ஒருவழி வால்வு இல்லாத வீடுகளில் சூடு மேலேறித் தாங்கித் தண்ணீரும் வெதுவெதுப்பாகும். வெயில் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், இரவில் தொட்டுப் பாருங்கள்.

60 பாகைத் தண்ணீர் ஐந்து நொடியில் ஆழமான தீப்புண்ணை உண்டாக்கும். 70 பாகைக்கு ஒரு நொடி போதும். பிள்ளைகளின் தோலுக்கும் வயதானவர்களின் தோலுக்கும் அதைவிடக் குறைந்த நேரம்.

2. கரண்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம்

கீசர் சுவிட்சை ஈரக் கையால் தொடாமல், கரண்ட் பெட்டிக்குப் போய் அந்த லைனின் பிரேக்கரை இறக்குங்கள். எந்த பிரேக்கர் என்று தெரியாவிட்டால் மெயின் சுவிட்சையே இறக்குங்கள். பிளக்கில் பூட்டிய கீசர் என்றால் பிளக்கை இழுக்கப் போக வேண்டாம். 2000 வொட் கீசர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவில் மணிக்கணக்காக இழுக்கும், அதில் மலிவான பிளக் உள்ளே உருகி ஒட்டியிருக்கலாம். மெயினை இறக்கிய பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

அடுத்து, பதற்றத்தில் பலரும் கீசருக்குப் போகும் தண்ணீர் வால்வைப் பூட்டப் போவார்கள். வேண்டாம். சூட்டில் விரிகிற தண்ணீர் திரும்பிப் போகிற வழியாக அது இருக்கலாம்.

ஆவி வரவில்லை, தண்ணீர் கடும் சூடு மட்டும்தான் என்றால், வெந்நீர்க் குழாயின் கீழ் வாளி வைத்து, முகத்தையும் கையையும் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறந்து விடுங்கள். பச்சைத்தண்ணி உள்ளே இறங்கி அதுவே ஆறும். ஆவி வருகிறது, உள்ளே இரைகிறது என்றால் குழாயைத் தொடாதீர்கள். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். உள்ளே வெப்பம் தாங்கும் பஞ்சு இருப்பதால் மறுநாள் காலையிலும் சூடு இருக்கும், அவசரப்படக் கூடாது.

மேல் தாங்கி காலியாகி, அது தெரியாமல் கீசர் எரிந்திருந்தால் உடனே மோட்டார் போட்டு நிரப்ப வேண்டாம். காய்ந்து தகிக்கும் எலிமென்டில் பச்சைத்தண்ணி பட்டால் ஆவி குப்பென்று கிளம்பும். ஆறின பிறகு நிரப்புங்கள்.

யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, தேங்காய் எண்ணெய் ஒன்றும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, பிள்ளைக்குச் சுட்டிருந்தாலோ 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

3. சின்னப் பட்டனை அமத்தி அமத்திப் பார்க்காதீர்கள்

கீசரின் கீழ் மூடிக்குள் ஒரு சின்னப் பட்டன் இருக்கும், கட்அவுட்டைத் திரும்பப் போடுவதற்கு. சுடுதண்ணி வராவிட்டால் அதை அமத்தும்படி யூடியூப்பில் எல்லோரும் சொல்வார்கள். அது வெட்டியதற்கு ஒரு காரணம் இருக்கும். தாங்கியில் தண்ணீர் இல்லாமல் ஒருமுறை வெட்டியிருந்தால், கரண்டை நிறுத்தி, ஆறவிட்டு, ஒருமுறை அமத்திப் பார்ப்பதில் பிழையில்லை. மறுபடி வெட்டினால் தேர்மோஸ்டாட் போய்விட்டது, இனி அமத்தக் கூடாது.

கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால் கதை வேறு: எலிமென்டின் மேலுறை வெடித்துக் கரண்ட் தண்ணீருக்குள் கசிகிறது. அப்போது ட்ரிப் சுவிட்சைச் சுற்றி நேர் வயர் இழுத்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த வீட்டில் குளிக்கவே கூடாது.

4. எது போயிருக்கும்?

பெரும்பாலும் நான்கில் ஒன்று. தேர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிப்போவது முதலாவது, அதிகம் நடப்பது. இரண்டாவது, சூட்டை உணரும் அதன் தண்டு தன் குழலில் இருந்து நழுவி வெளியே தொங்குவது. முன்பு யாரோ திறந்து சரியாகப் பூட்டாத கீசரில் இதைப் பார்க்கலாம். மூன்றாவது, எலிமென்டில் சுண்ணாம்பு படிவது. நான்காவது, எலிமென்டே வெடிப்பது.

மூன்றாவதுதான் நம் ஊருக்குரியது. கரையோர மணலில் கிணறு வெட்டி, மோட்டாரால் மேல் தாங்கிக்கு ஏற்றிப் பாவிக்கிற வீடுகளில் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகத் தட்டை தட்டையாகப் படிந்திருந்தால் அதே தண்ணீர்தான் கீசருக்கும் போகிறது. படிவு தடிக்கத் தடிக்க எலிமென்டின் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கும். இரைச்சல் அதனால் வரும், கடைசியில் எலிமென்டும் வெடிக்கும். உப்புத் தன்மை கூடிய கிணறு என்றால் அதைவிடச் சீக்கிரம் அரித்துவிடும். நீர் வழங்கல் சபைக் குழாய்த் தண்ணீர் பாவிக்கும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு.

5. ஆளைக் கூப்பிட முதல் கையில் இருக்க வேண்டியவை

இதைச் செய்யாமல் போனால் ஒரு சாமானுக்காகக் கடைக்கும் வீட்டுக்கும் நாள் முழுக்க நடக்க வேண்டும்.

கீசரின் அடியிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் லேபலைத் தெளிவாகப் படம் எடுங்கள். மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், லீற்றர், வொட், அழுத்தம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆவியில் எழுத்து அழிந்திருந்தால் டோர்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்துப் பாருங்கள், தெரியும்.

வாங்கிய பில்லும் வாரண்டி அட்டையும் வேண்டும். அட்டையை உட்கார்ந்து வாசியுங்கள். தாங்கிக்கு ஒரு காலம், கரண்ட் சாமான்களுக்கு அதைவிடக் குறைந்த காலம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். "ஐந்து வருட வாரண்டி" என்று கடையில் சொன்னது பெரும்பாலும் தாங்கிக்குத்தான். கிணற்றுத் தண்ணீருக்குப் பாவித்தால் செல்லாது, வெளியாள் திறந்தால் செல்லாது என்ற வரிகளையும் தேடுங்கள். வாரண்டி இன்னும் இருந்தால் வெளி ஆளை ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற விடாதீர்கள். கட்டாரிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாரும் கொண்டுவந்து பூட்டியது என்றால் அட்டை இருந்தும் இங்கே பிரயோசனம் இருக்காது.

வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தில் திருத்த வேலை யார் பொறுப்பு என்று பாருங்கள். பார்த்த கையோடு வீட்டுக்காரருக்குப் படத்துடன் வட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள். அவர் சுவிஸிலோ கனடாவிலோ இருப்பார், போனில் "ஓம் ஓம், செய்யுங்கோ" என்பார். ஆறு மாதம் கழித்துக் காசு கழிக்கும்போது அந்த எழுத்துத்தான் உதவும்.

மின் மீற்றர் காட்டும் யுனிட் அளவையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். 2000 வொட் எலிமென்ட் நிற்காமல் எரிந்தால் ஒரு நாளைக்கு 48 யுனிட். மாதம் 90 யுனிட் பாவிக்கிற வீடு அதை இரண்டே நாளில் தாண்டிவிடும். நம் கட்டணம் யுனிட் கூடக் கூடப் படிப்படியாக ஏறுவது என்பதால், பில் எதிர்பார்த்ததைவிட மோசமாக வரும்.

6. சரியான ஆளைப் பிடிப்பது

குழாய் வேலைக்காரரும் கரண்ட் வேலைக்காரரும் ஒருவரே என்று நினைக்க வேண்டாம். தேர்மோஸ்டாட், எலிமென்ட் எல்லாம் எலக்ட்ரீசியன் வேலை. வால்வு, குழாய் மற்றவருடையது. இரண்டும் தெரிந்தவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். என்விக்யூ (தேசிய தொழிற்றகைமை) சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருப்பவர் போனில் படத்தையே காட்டுவார். மின்சாரம் வழங்குகிறவர்களின் 1987 இலக்கம் மின் தடைக்கும் அவர்களின் லைன் பழுதுக்கும் உரியது. வீட்டுக்குள் இருக்கும் கீசருக்காக அவர்கள் வர மாட்டார்கள்.

போனில் மூன்று கேள்வி கேளுங்கள். வந்து பார்க்க மட்டும் எவ்வளவு? மல்டிமீற்றர் (கரண்ட் சாமானை அளந்து பார்க்கும் கருவி) கொண்டு வருவீர்களா? கழற்றும் பழைய சாமானை என்னிடம் தருவீர்களா? இரண்டாவது கேள்விக்கு "அதெல்லாம் தேவையில்ல" என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

எங்களிடம் வந்த முதல் ஆள் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இத நேரடியாக் குடுத்து விடுறன் தம்பி, சுடுதண்ணி வரும், மறுகா பாப்பம்" என்றார். நேரடியாக என்றால் தேர்மோஸ்டாட்டைத் தாண்டி வயரை முறுக்கி விடுவது. அப்போது நீங்கள் சுவிட்சை நிறுத்தும் வரை கொதித்துக்கொண்டே இருக்கும், மறந்தால் நிறுத்த ஒன்றும் இல்லை. காசு வேண்டாம் என்று சொன்னால்கூட இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

7. சாமான் வாங்குதல்

பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போவதுதான் நிச்சயம். தண்டின் நீளம், ஆம்பியர், டயல் இருக்கும் பக்கம் மூன்றும் பொருந்த வேண்டும். கட்அவுட் சேர்ந்தே வருகிற தேர்மோஸ்டாட்டைக் கேளுங்கள். சேராமல் தனித்தனி என்றால் இரண்டையும் மாற்றுங்கள். எலிமென்டைக் கழற்றினால் அதன் ரப்பர் வாசரும் புதிதாக வேண்டும். பழைய வாசரைத் திரும்பப் போட்டால் ஒரு வாரத்தில் சொட்டத் தொடங்கும், சொட்டுவது நேராகக் கரண்ட் முனைகளின் மேல்தான். வொட்டைக் கூட்டி வாங்க வேண்டாம். 3000 வொட் என்றால் 13 ஆம்பியர், உங்கள் வயர் அதற்குப் போட்டதாக இருக்காது.

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் கடைகள் உண்டு. இங்கே கிடைக்காத மாதிரிக்குக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரவழைத்துத் தருவார்கள். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளுக்குப் போவதென்றால் வெள்ளி நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள், ஜும்ஆவுக்குப் பூட்டியிருக்கும். போயா நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை டொலரோடு ஏறி இறங்கும். நான் விசாரித்தபோது தேர்மோஸ்டாட்டுக்கு 2,500 இலிருந்து 4,500 ரூபா வரை சொன்னார்கள், எலிமென்ட் அதைவிடக் கூட. வந்து பார்க்க 2,000 கேட்டார்கள். இதையெல்லாம் கூட்டினால் புதுக் கீசர் விலையில் பாதியைத் தாண்டுகிறது, தாங்கியிலும் துரு தெரிகிறது என்றால் திருத்தாமல் புதிது வாங்குங்கள். தாங்கி ஒழுகத் தொடங்கினால் அதற்குத் திருத்தமே இல்லை.

8. வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

மூடி திறந்ததும் எலிமென்டை மல்டிமீற்றரால் பார்க்கச் சொல்லுங்கள். 2000 வொட்டுக்கு 26 ஓம் அளவிலும் 1500 வொட்டுக்கு 35 ஓம் அளவிலும் காட்ட வேண்டும். எலிமென்ட் முனைக்கும் உலோக உடலுக்கும் இடையில் ஒன்றும் காட்டக் கூடாது; காட்டினால் கசிவு.

எர்த் வயர் பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பச்சை மஞ்சள் வயர் மடித்து டேப் ஒட்டி ஓரமாக விட்டிருப்பதை நான் இரண்டு வீடுகளில் கண்டிருக்கிறேன். கரையோர மணல் நிலத்தில் எர்த் கம்பி அடித்திருந்தாலும் ஆடி ஆவணிக் காய்ச்சலில் அதன் பிடிப்பு குறைந்துவிடும். அதனால் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் கீசர் வேண்டாம். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும்.

பிறகு வால்வு. சூடேறும்போது 30 லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் விரியும். அதனால் பாதுகாப்பு வால்வு சொட்டுவது இயல்பு. "ஒழுகுது" என்று அதன் வாயைத் தக்கையாலோ டேப்பாலோ அடைத்து வைத்திருப்பார்கள். அடைப்பை எடுக்கச் சொல்லுங்கள். நெம்பைத் தூக்கினால் தண்ணீர் வர வேண்டும்; உப்பேறி இறுகியிருந்தால் வால்வையே மாற்றுங்கள், மொத்தச் செலவில் அது சின்னக் காசு.

வெந்நீர்க் குழாய் சாதாரண வெள்ளை பிவிசியாக இருந்தால் அதுவும் கவலைக்குரியது. 60 பாகைக்கு மேல் அது இளகும், மூட்டுகள் விடும். வெந்நீருக்கு பிபிஆர் அல்லது சிபிவிசிக் குழாய்தான் போட வேண்டும்.

சில பழைய வீடுகளிலும் விருந்தினர் விடுதிகளிலும் வெந்நீர்த் தாங்கியின் காற்றுக்குழாய் மேலே போய் பிளாஸ்டிக் தாங்கிக்குள் வளைந்திருக்கும். கீழே கொதித்தால் கொதிநீர் அதற்குள் கொட்டும். 2006 இல் இங்கிலாந்தில் இப்படித் தேர்மோஸ்டாட் போய், கூரைக்குள் இருந்த பிளாஸ்டிக் தாங்கி இளகி விழுந்து, கீழே படுத்திருந்த குழந்தை இறந்தது. உங்கள் தாங்கி படுக்கையறைக்கு மேலே இருந்தால் அதைத் தாங்கும் பலகையை ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

9. காசு கொடுக்க முதல் சோதனை

முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வரும் வரை விடுங்கள், அப்போதுதான் தாங்கி நிரம்பியது என்று தெரியும். அதன் பிறகே கரண்ட். டயலை 60 இல் வைத்து நேரத்தைக் குறியுங்கள். மேலே சொன்ன 30 லீற்றர் கணக்குக்கு 35, 40 நிமிடத்தில் லைட் அணைய வேண்டும். அணைந்ததும் ஒரு வாளி எடுத்துத் தெர்மோமீற்றரால் பாருங்கள். கேக் செய்கிறவர்களிடம் சமையல் தெர்மோமீற்றர் இருக்கும், கேட்டு வாங்குங்கள். 70 ஐத் தாண்டினால் வேலை முடியவில்லை. தண்ணீர் எடுத்த சற்று நேரத்தில் லைட் மறுபடி பற்ற வேண்டும். இந்த ஒரு மணி நேரம் ஆளை ஒரு தேத்தண்ணியோடு இருத்தி வையுங்கள்.

பில்லில் என்ன மாற்றினார், எந்த மாதிரி, எவ்வளவு காலப் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். வாங்கிய சாமானில் கடை ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் முறையிடலாம், ஆனால் பில் இல்லாமல் அங்கே கதைக்க முடியாது.

10. நாள் கணக்கும் பிறகு பார்ப்பதும்

சாமான் உள்ளூரில் இருந்தால் ஒரே நாளில் முடியும். கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றால் ஒரு வாரத்தை ஒதுக்குங்கள். வாரண்டியில் கம்பெனி ஆள் வருவதென்றால் அதற்கும் மேலே. கார்த்திகை பிறந்தால் எல்லா வீட்டிலும் ஒரேயடியாகக் கீசரைப் போடுவார்கள், ஆளும் கிடைக்காது, சாமானும் முடிந்திருக்கும். ஆகவே வருடா வருடம் செப்டெம்பரில் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. தாங்கியின் அடித் தண்ணீரை வடித்து, எலிமென்டின் படிவை வினாகிரியில் ஊறவைத்து எடுத்து, தாங்கி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் தேய்கிற மக்னீசியம் தண்டு தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கத்தியால் சுரண்ட விடாதீர்கள், மேலுறை கீறுப்படும்.

சூட்டுக்குப் பயந்து டயலை நிரந்தரமாக 40 இல் வைப்பதும் சரியில்லை. 20 இலிருந்து 45 பாகை வரையுள்ள தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். 60 இலேயே வைத்து, வாளியில் பச்சைத்தண்ணியை முதலில் விட்டு, வெந்நீரைப் பிறகு கலவுங்கள். குளிக்கப் போக முன் கீசரை நிறுத்திவிடுங்கள். மூடிய கீசரில் சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது, ஒருவருக்குத் தாராளமாகக் காணும்.